கணக்கக்கா மேல் ஒரு புகார்

பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்குக் கொஞ்சமாவது மறை கழன்றிருக்க வேண்டும். கணக்கக்காவுக்கு முழுசாகவே கழன்றுவிட்டது என்றுதான் அவளுடைய சொந்தபந்தமெல்லாம் பேசிக்கொண்டது. பின்னே என்ன? நகரத்திலேயே பெரிய பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. நடந்து போனால் எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிற மரியாதை. அதை உதறித் தள்ளிவிட்டு, மூடிக்கிடந்த ஒரு மெத்தைக் கடையைப் பிடித்து, இதுதான் என் ஸ்கூல் என்று வாசலில் நின்றால் யார்தான் தலையில் அடித்துக்கொள்ள மாட்டார்கள்?

அவள் வேலையை விட்டதற்குக் காரணம் ஒரு வகுத்தல் கணக்கு. ஒரு சிறுமி தன் இஷ்டத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்து விடை கொண்டுவந்துவிட்டாள். விடை சரி. வழிதான் புத்தகத்தில் இல்லை. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "புத்தகத்துல இருக்கற மாதிரி போடலையே, அடிச்சிடுங்க" என்றார். இவளும் சிவப்பு மையால் அடித்துவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து அந்தச் சிறுமி கணக்கு வகுப்பு வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க ஆரம்பித்தாள். நடிப்பில்லை, நிஜமான வலி. முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கும்.

ஒரு நாள் கணக்கக்கா வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிப் போட்டாள். அவள் கணவர் எலக்ட்ரீஷியன். தரையில் உட்கார்ந்து யாருடைய மின்விசிறியையோ பிரித்துப் போட்டிருந்தார்.

"என்னைக் கண்டாலே ஒரு குழந்தைக்கு வயிறு வலிக்குதுன்னா, நான் என்னங்க டீச்சர்?" என்றாள்.

"அப்ப வலிக்காத மாதிரி ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சிடு" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

பாவம், பேச்சுக்குச் சொன்ன மனுஷன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த மாதமே ஏணியில் ஏறி மெத்தைக் கடைக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடையில் பஞ்சு இல்லாத இடமே கிடையாது. ஜன்னல் இடுக்கில் பஞ்சு, கதவுக் கீலில் பஞ்சு, பெருக்கினால் பஞ்சு, பெருக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் பஞ்சு. முதலில் வந்து சேர்ந்தவை ஏழு பிள்ளைகள். அந்த ஏழும் முதல் சில மாதம் படித்ததைவிடத் தும்மியதுதான் அதிகம். கணக்கக்காவின் மகளுக்கு அப்போது மூன்று வயது. விற்காமல் கிடந்த மெத்தை ஒன்றில் அவள் பாட்டுக்குப் படுத்து உருண்டுகொண்டிருப்பாள்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பள்ளி வளர்ந்தது. வாய்வழியாகவே செய்தி போனது. அங்கே மணி கிடையாதாம், அடி கிடையாதாம், பிள்ளை காலையில் தானாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். ஏழு இருபதாயிற்று, இருபது அறுபதாயிற்று. பக்கத்துக் கட்டிடத்தையும் பிடித்து நடுச்சுவரை இடித்தார்கள். பெற்றோர்களே சுத்தியலோடு வந்தார்கள். பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு மரவேலை, இரும்புவேலைக்கென்று ஒதுக்கினார்கள். மாடியில் இரண்டு அறையில் கணக்கக்கா குடும்பம். கீழே இருக்கிற சமையலறைதான் வீட்டுக்கும் பள்ளிக்கும் பொது.

பிள்ளைகள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. கணக்கு சொல்லித் தருகிற அக்கா, அதனால் கணக்கக்கா. அவள் கணவர் கரண்ட் மாமா. மகளும் பள்ளி நேரத்தில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, அவளும் கணக்கக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். தன் பிள்ளை, ஊரார் பிள்ளை என்ற பேதம் வரக் கூடாதென்று கணக்கக்கா தானே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

அந்தப் பள்ளியின் உயிர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இருந்தது. எல்லாரும் கூடத்தில் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து சமையல்காரர் வரை ஆளுக்கு ஒரு கை, ஒரு கைக்கு ஒரு ஓட்டு. கணக்கக்காவின் கையும் ஒரு கைதான். பேச விரும்புகிறவர் சமையலறைக் கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டு பேச வேண்டும். கரண்டி இல்லாதவர் வாயைத் திறக்கக் கூடாது. யார் மேல் யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். கூட்டம் முடிவெடுத்தால் எடுத்ததுதான், மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு கூட்டம்தான் மாற்ற வேண்டும்.

இதில் கூத்து நடக்காமலும் இல்லை. ஒருமுறை, கழிவறை கழுவுகிற முறைவேலை இனி வேண்டாம் என்று பிள்ளைகள் ஏகோபித்துக் கை தூக்கிவிட்டார்கள். பெரியவர்கள் தோற்றுப்போனார்கள். கணக்கக்கா வாயே திறக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாரம் ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை, முதல் ஆளாகக் கை தூக்கியவனே முதல் ஆளாக எழுந்து, "ஐயோ சாமி, பழையபடியே கழுவிடலாம்" என்றான்.

கூட்டம் போட்ட முதல் விதியைக் கணக்கக்காவே கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். படி என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவரவர் நேரம் வரும்போது அவரவர் படிப்பார்கள். இதைத்தான் அவள் ஆறு வருஷமாக ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்லி வந்தாள். பெரும்பாலும் அப்படியே நடக்கவும் செய்தது. சில பிள்ளைகள் ஐந்து வயதில் கடைப் பெயர்ப்பலகையெல்லாம் வாசித்தன, சில பிள்ளைகள் எட்டு வயதில் திடீரென்று ஒரு நாள் பிடித்துக்கொண்டன.

அவளுடைய சொந்த மகளுக்குத்தான் அந்த நேரம் வரவே இல்லை.

மகளுக்குப் பள்ளியில் பெயர் ஸ்பேனர். எந்நேரமும் கையில் ஒரு ஸ்பேனர் இருக்கும், அதனால். ஒன்பது வயது. அப்பாவோடு சேர்ந்து எதையாவது பிரிப்பாள், மாட்டுவாள். கதை என்றால் உயிர், ஆனால் யாரையாவது பிடித்து உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். தானாக ஒரு வரி வாசிக்கத் தெரியாது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. கவலையெல்லாம் அவள் அம்மாவுக்குத்தான். வெளியே "பயப்படாதீங்க, வரும்" என்று அடுத்தவர்களுக்குத் தைரியம் சொல்வாள். மாடி ஏறிப் படுத்தால் தூக்கம் வராது.

இந்த நேரம் பார்த்துத்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

பல் டாக்டரின் மகனும் அங்கேதான் படித்தான். பிள்ளைகள் அவனுக்குப் பல்லு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்கும் ஒன்பது வயது. வாசிக்க வந்ததே அந்த வருஷம்தான். பள்ளியில் அதுவரை பத்து வயது வரைதான் வகுப்பு. அதற்கு மேல் பெரிய பிள்ளைகளுக்கும் நடத்தலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெற்றோர்கள் சரி என்றால் பள்ளி மேலே வளரும். மாட்டோம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், இருக்கிறதும் கரைந்து, விளையாட்டுப் பள்ளி என்ற பெயரோடு இழுத்து மூட வேண்டியதுதான். படித்த மனுஷர் என்று பெற்றோர்கள் எல்லாரும் டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான்.

மகனைக் கூட்டிப் போக வந்தவர் வாசலில் நின்று கேட்டார்.

"டீச்சர், மனசுல பட்டதைக் கேட்டுடறேன், தப்பா நெனைக்காதீங்க. இவன் இப்பத்தான் எழுத்துக் கூட்டறான். சொந்தக்காரங்க எல்லாம் என்னைக் கிழிச்சுத் தொங்கவிடறாங்க. உங்க பொண்ணுக்கும் இவன் வயசுதானே? அவ எப்படிப் படிக்கிறா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். பின்னால் காத்து நின்ற இன்னும் இரண்டு அம்மாக்களின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா படிக்கிறா டாக்டர்" என்றாள்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்பாடா! அது போதும் எனக்கு. அடுத்த மாசம் பெற்றோர் நாள் வெக்கிறீங்கல்ல, அன்னிக்கு உங்க பொண்ணு எழுந்து ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டட்டும். அத்தனை பேர் வாயும் அடைஞ்சுடும். நானே எல்லார்கிட்டயும் பேசறேன்."

"சரி" என்றாள் கணக்கக்கா. பொய்க்குத் துணையாக ஒரு சரி.

மறுநாள் காலையில், சமையல்காரர் வருவதற்கு முன்னால், மகளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். மேசையில் எழுத்துப் புத்தகம். ஸ்பேனருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதுக்கும்மா?"

"கேள்வி கேக்காத. இதைப் படி."

"இன்னிக்கு வேணாம்மா."

"படின்னு சொன்னேன்ல."

கேட்டீர்களா கதையை! ஆறு வருஷமாக எந்தச் சொல் அந்தக் கட்டிடத்துக்குள் நுழையக் கூடாதென்று காவல் காத்தாளோ, அந்தச் சொல்லை அவளே கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். தினமும் சொன்னாள். மகள் தப்பாக வாசித்தால் குரல் உயர்ந்தது. எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். ஒரு நாள் மேசையைத் தட்டினாள். ஸ்பேனர் அழவில்லை, முரண்டு பிடிக்கவில்லை, வாயை மட்டும் இறுக்க மூடிக்கொண்டாள். பிறகு காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"நேத்து என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள் அம்மா. பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கத் தெரிந்தவர்களுக்கு என்ன மருந்து கொடுப்பது?

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த வாரம் கூட்டத்துக்குத் தலைமை கண்ணாடி என்கிற எட்டு வயதுப் பெண். முகத்தில் பாதியைக் கண்ணாடியே எடுத்துக்கொள்ளும். யாரோ யாருடைய வண்ணப் பெட்டியையோ கேட்காமல் எடுத்த வழக்கைத் தீர்த்துவிட்டு, "வேற யாருக்குப் புகார் இருக்கு?" என்றாள்.

ஸ்பேனர் எழுந்து போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இருக்கு. கணக்கக்கா மேல."

 ஒரு பொடியன் "அம்மாடியோ" என்றான்.

"காலைல சமையலறைக் கதவைச் சாத்திட்டு என்னைக் கட்டாயமாப் படிக்க வெக்கிறாங்க. வேணாம்னு சொன்னேன். வயிறு வலிக்குதுன்னும் சொன்னேன். விட மாட்டேங்கறாங்க."

கணக்கக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை பிள்ளைகளும் முதலில் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் சுவரில் அவள் கையெழுத்தில் இருந்த விதியைப் பார்த்தார்கள், திரும்பவும் அவளைப் பார்த்தார்கள். கரண்டி அவள் கைக்கு வந்தது.

"அது... வீட்டுல நடந்த விஷயம்" என்றாள். "ஒரு அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல நடந்தது. ஸ்கூல் விதி அதுக்கு எப்படிப் பொருந்தும்?"

சொல்லும்போதே அவளுக்குக் கூசியது. இருந்தாலும் சொன்னாள். மாட்டிக்கொண்ட மனுஷனுக்கு வருகிற வக்கீல் புத்தி எந்த வக்கீலுக்கும் வராது.

சமையலறை வீடா, ஸ்கூலா என்று விவாதம் கிளம்பியது. கரண்டி கை மாறிக் கை மாறிப் பறந்தது.

"அடுப்பு பத்த வெச்ச பெறகுதான் அது ஸ்கூல். அதுக்கு முன்னாடி வீடு" என்றாள் ஒரு பெரிய பெண்.

"அப்ப அன்னிக்குக் காலைல நான் உள்ள போய்ச் சர்க்கரை எடுத்தப்ப, இது ஸ்கூல் சாமான்னு சொல்லித் திட்டினீங்களே கணக்கக்கா!" என்று துள்ளி எழுந்தான் ஒருவன். அடுப்பு அப்போது எரியவில்லை என்று சமையல்காரர் சாட்சி சொன்னார். எவ்வளவு சர்க்கரை எடுத்தாய் என்று வேறொருத்தி கேட்க, வழக்கு கொஞ்ச நேரம் வேறு திசையில் ஓடியது. கண்ணாடி அதட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் இருக்கிறவர்களிலேயே சின்னவள் இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "நாம எல்லாரும் சாப்பிடற எடம் ஸ்கூல்தான்" என்றாள்.

கை தூக்கச் சொன்னார்கள். காடு மாதிரி எழுந்தன கைகள். நடுவில் கரண்ட் மாமாவின் கையும் இருந்தது. கணக்கக்கா முறைத்தாள். அவர் அவசரமாக அண்ணாந்து கூடத்து மின்விசிறியை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

"சமையலறை ஸ்கூல்தான்" என்றாள் கண்ணாடி. "இப்ப சொல்லுங்க கணக்கக்கா, எதுக்காக அப்படிச் செஞ்சீங்க?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. பெரியவர்கள் திட்டுவார்கள், தண்டிப்பார்கள். எதுக்காக என்று கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான், யாரை நொந்துகொள்வது?  பிறகு சொன்னாள்.

"ஒருத்தர்கிட்ட, ஸ்பேனர் நல்லா படிக்கிறான்னு பொய் சொல்லிட்டேன். பெற்றோர் நாள்ல அவளை வாசிக்க வெக்கறேன்னும் ஒத்துக்கிட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சா எல்லாரும் உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. ஸ்கூலை மூட வேண்டி வரும். பயந்துட்டேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள் கண்ணாடி.

கணக்கக்கா பல்லுவைப் பார்த்தாள். அவன் கண்கள் விரிந்தன.

"எங்கப்பாகிட்டயா!"

ஸ்பேனர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. "இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். கரண்டி இல்லாமல்தான் கேட்டாள். கண்ணாடி கண்டுகொள்ளவில்லை.

தீர்மானம் இரண்டு வந்தது. முதலாவது, ஸ்பேனருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கக் கணக்கக்காவுக்குத் தடை. கூட்டமே அதை நீக்குகிற வரை தடை நீடிக்கும். எல்லாக் கையும் எழுந்தது, கணக்கக்காவின் கையும் எழுந்தது. இரண்டாவதைப் பல்லு கொண்டுவந்தான். "எங்கப்பாகிட்டயும் மத்த எல்லார்கிட்டயும், பெற்றோர் நாள் அன்னிக்கு அவங்களே உண்மையைச் சொல்லணும்." அதற்கும் கை எழுந்தது. கணக்கக்காவின் கை மட்டும் மடியில் கிடந்தது. அவளால் தூக்க முடியவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

ஸ்பேனர் கரண்டியைக் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள். பிள்ளைகளுக்கு அவ்வளவுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலையில் அவளுக்கு வயிறு வலிக்கவில்லை. பசிக்கிறது என்று இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கணக்கக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களும் அவங்களோட சேர்ந்து கை தூக்கறீங்க" என்று கணவரிடம் பொரிந்தாள்.

"எனக்கு ஒரு ஓட்டுதானே குடுத்திருக்க. அதையும் உனக்கே போடணும்னா, எதுக்கு அவ்வளவு தூரம் போய்த் தரையில உக்காரணும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

"எனக்கும்தான். நானும் வந்து பக்கத்துல நிக்கறேன்."

பெற்றோர் நாள் அன்று கூடம் நிறைந்துவிட்டது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பிள்ளைகளின் குட்டி முக்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மரவேலை, ஓவியம், பிள்ளைகள் போட்ட தண்ணீர்க் குழாய் எல்லாம் பார்த்தாயிற்று. பெரிய பிள்ளைகள் வகுப்பு பற்றிப் பேச வேண்டிய நேரம். முன் வரிசையில் பல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணக்கக்கா எழுந்தாள். பேசத் தயாரித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"என் பொண்ணு இன்னிக்கு வாசிச்சுக் காட்டுவான்னு உங்கள்ல சில பேர் எதிர்பார்த்து வந்திருப்பீங்க" என்றாள். "அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒன்பது வயசாச்சு, இன்னும் வரல. நல்லா படிக்கிறான்னு டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய். அந்தப் பொய்யைக் காப்பாத்தறதுக்காக அவளைப் போட்டு வதைச்சேன். பிள்ளைங்க கூட்டத்துல அவ என் மேல புகார் குடுத்தா. நான் செஞ்சது தப்புன்னு முடிவாச்சு. எப்ப அவளுக்கு வரும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சளசளவென்று பேச்சு கிளம்பியது. "சொந்தப் பொண்ணுக்கே இந்தக் கதின்னா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு தம்பதி எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியேறினார்கள். அந்தக் குழந்தை வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. இன்னொரு குடும்பமும் எழுந்தது. கணக்கக்கா திரும்பிப் பார்த்தாள். கரண்ட் மாமா சொன்னபடி பக்கத்தில்தான் நின்றார்.

பல் டாக்டர் முக்காலியிலிருந்து எழுந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"எனக்கு இது முன்னாடியே தெரியும்" என்றார்.

கணக்கக்கா விழித்தாள்.

"கூட்டம் நடந்த அன்னிக்குச் சாயங்காலமே பையன் வந்து ஒண்ணு விடாமச் சொல்லிட்டான். சர்க்கரை எடுத்த பையன் கதை உட்பட. எனக்கு வந்த கோபத்துக்கு அப்பவே வந்து உங்களை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவன்தான் விடல. அவங்க சொல்லுவாங்கப்பா, கூட்டத்துல முடிவாயிருக்கு, நீங்க பேசாம இருங்கன்னு ஒத்தக் கால்ல நின்னான். சரி, பார்க்கலாம்னு வந்தேன். நீங்க இன்னிக்கும் பூசி மெழுகியிருந்தா இவனைக் கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "நான் பல் டாக்டர். தினமும் ரெண்டு வேளை பல்லு தேய்க்கறேன்னு என்கிட்ட பொய் சொல்லாத ஆளை நான் பார்த்ததே இல்ல. எதிர்ல உக்காந்து வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே சொல்லுவாங்க. இத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு பொய் சொன்னேன்னு சொல்றவங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன். ஒம்பது வயசுப் பொண்ணு பெத்த அம்மா மேல புகார் குடுக்கறா, அதுக்குப் பயப்படாம ஸ்கூல் நடக்குது. என் பையன் இங்கயே மேலயும் படிக்கட்டும். மத்தவங்க அவங்கவங்க இஷ்டம்."

மற்றவர்கள் உடனே கைதட்டி ஆரவாரம் செய்தார்கள் என்றெல்லாம் இல்லை. பாதிப் பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சில பேர் யோசித்துப் போய்விட்டார்கள். ஆனால் பெரிய பிள்ளைகள் வகுப்பு தொடங்குகிற அளவுக்குப் பிள்ளைகள் நின்றார்கள். தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறை எழும்பத் தொடங்கியது.

அந்த அறைச் சுவருக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்தான் ஒரு நாள் படுத்துவிட்டது. கரண்ட் மாமா வேலையாக வெளியூர் போயிருந்தார். ஸ்பேனர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மோட்டாரோடு வந்த விளக்கத் தாள் ஒன்று உண்டு. எது கேட்டாலும் "அதுல போட்டிருக்கு பாரு" என்பார் அப்பா, அவரே வாசித்துச் சொல்வார். இப்போது அவர் இல்லை. ஸ்பேனர் அந்தத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு போய்ப் பல்லுவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், நீ எப்படிடா கத்துக்கிட்ட? எனக்குச் சொல்லித் தா."

"முழுசா நானே படிச்சுச் சொல்லிடவா?"

"வேணாம். எனக்கே தெரியணும்."

மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு, மறுநாள், அதற்கும் மறுநாள். மோட்டாரைக் கரண்ட் மாமா வந்து சரிசெய்துவிட்டார், அப்புறமும் உட்கார்ந்தார்கள். பல்லு நல்ல வாத்தியார் என்று சொல்வதற்கில்லை. பாதி நேரம் அவனுக்கே தெரியாது. இரண்டு பேரும் தலையைச் சொறிவார்கள், சிரிப்பார்கள், மறுபடியும் பார்ப்பார்கள்.

கணக்கக்கா அந்தப் பக்கமாகப் போகும்போது நடை தானாகத் தளரும். மகள் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்வது காதில் விழும். திருத்தம் தொண்டை வரைக்கும் வந்து முட்டும். பத்து வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நாக்கு அது, சும்மா இருக்குமா? கடித்துக்கொண்டு நடந்துவிடுவாள். தடை இருக்கிறதே.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்பேனர் கூட்டத்தில் எழுந்தாள்.

"கணக்கக்கா மேல போட்ட தடையை எடுத்துடலாம். தினமும் அந்தப் பக்கம் வராங்க. ஒரு தடவைகூட உள்ள வந்து மூக்கை நுழைக்கல."

கைகள் எழுந்தன. தடை போயிற்று. கணக்கக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி பிரகாசம்! கூட்டம் கலைந்ததும் மகளிடம் ஓடினாள்.

"அப்ப, நாளையிலிருந்து நான் சொல்லித் தரட்டுமா?"

ஸ்பேனர் யோசித்தாள். 

"வேணாம். பல்லுவே நல்லாத்தான் சொல்லித் தரான்."

கணக்கக்காவுக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதை மறைக்கவும் இல்லை. ஊரில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுச் சொந்த மகள் வேண்டாம் என்றால் வலிக்காமல் என்ன செய்யும்? "சரிடி" என்றாள். திரும்பினாள்.

"கேக்கறதுன்னா வாங்க" என்றாள் ஸ்பேனர் பின்னாலிருந்து. "சும்மா உக்காந்து கேக்கலாம். நடுவுல ஒண்ணும் சொல்லக் கூடாது."

மாடிப்படிக்கு அடியில் மூன்று பேர் உட்காருவது கஷ்டம். கணக்கக்கா தலையைக் குனிந்து, காலை மடக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். ஸ்பேனர் கதைப் புத்தகம் ஒன்றை விரித்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தாள். ஒரு நீளமான சொல்லில் மாட்டிக்கொண்டாள். தப்பாகச் சொன்னாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கணக்கக்கா வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் சொன்னாள், மறுபடியும் தப்பு. பல்லு ஏதோ சொல்ல வந்தான், அவனையும் கை காட்டி நிறுத்தினாள். மூன்றாவது தரம் அந்தச் சொல் முழுசாக, சரியாக வந்து விழுந்தது. அவள் நிற்கக்கூட இல்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கணக்கக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிக் கதையைக் கேட்டாள்.